நரம்புக்கும் ரத்தம் வேண்டும்

சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு இருக்கு?" என்பதுதான். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாத சராசரி எவ்வளவு. கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் சர்க்கரை உண்டு. ராத்திரி பாதத்தில் வரும் எரிச்சலுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இந்த நரம்பு விஷயத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். "சர்க்கரை கூடினால் நரம்பு கெடும்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அது பாதிக் கதை. மீதிப் பாதி ரத்தக் குழாயில் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை, படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், மருந்தை மாற்றுவதெல்லாம் உங்கள் டாக்டரிடம் பேசித்தான்.

நரம்பும் உயிருள்ள சதைதான் என்பது நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும் அந்தப் பெரிய நரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் கட்டுக் கட்டாகப் போகின்றன. கால் கட்டைவிரலின் தொடு உணர்வைச் சுமக்கும் இழை எங்கே தொடங்குகிறது தெரியுமா? அதன் உயிரணு கீழ்முதுகில், தண்டுவடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து விரல் நுனிவரை ஒரே அணுவின் நீட்சிதான், உயரமானவர்களுக்கு அது ஒரு மீட்டருக்கும் மேல் வரும். நுனிக்குத் தேவையான புரதங்கள் பெரும்பாலும் மேலே முதுகில்தான் தயாராகின்றன, அங்கிருந்து இழைக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து கீழே வரவேண்டும். வேகமாகப் போகும் சரக்குகூட ஒரு நாளைக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான் போகும். மெதுவாகப் போகிற வகை ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான். இந்தப் போக்குவரத்துக்கும், ஒவ்வொரு சமிக்ஞைக்குப் பிறகும் சோடியத்தை வெளியே தள்ளி மறுபடி தயாராவதற்கும் ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜனுக்கு ரத்தம் வேண்டும்.

அந்த ரத்தத்தைக் கொண்டுவர நரம்புக்கென்றே தனியாக நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. மருத்துவத்தில் வாசா நெர்வோரம் என்பார்கள். நரம்பின் வெளி உறையில் ஒரு வலைப்பின்னல், அதிலிருந்து உறைகளைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் கிளைகள், உள்ளே இழைகளுக்கு நடுவில் ஓடும் தந்துகிகள். இதில் இரண்டு விஷயங்கள் நமக்குப் பாதகமானவை. ஒன்று, உள்ளே இருக்கும் தந்துகிகள் நெருக்கமாக இல்லை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் அதிகம். இன்னொன்று, மூளை போன்ற உறுப்புகள் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தங்கள் குழாய்களைத் தாங்களே விரித்துச் சுருக்கி வரத்தைச் சமாளித்துக்கொள்ளும், கைகால் நரம்புகளுக்கு அந்தத் திறமை மிகவும் குறைவு. வருவதை வைத்துக்கொண்டு ஓட்டவேண்டியதுதான். சாதாரண நாளில் இது போதும், சர்க்கரை வருடக்கணக்கில் உயர்ந்தே இருக்கும் உடம்பில் போதாது.

சரி, சர்க்கரை உள்ளே போய் என்ன செய்கிறது?

தசையும் கொழுப்பும் குளுக்கோஸை உள்ளே எடுக்க இன்சுலின் வேண்டும். நரம்பணுக்களுக்கும் ரத்தக் குழாயின் உள்சுவர் அணுக்களுக்கும் அப்படி இல்லை, இன்சுலின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் ஏறிவிடும். அதாவது, உடம்பின் மற்ற பகுதிகள் சர்க்கரை கிடைக்காமல் திண்டாடும் அதே நேரத்தில் இவை அதில் மூழ்கிக் கிடக்கின்றன. உள்ளே வந்த உபரியை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. இந்த மாற்றத்துக்கு என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு செலவாகும். அணுவைத் துருப்பிடிக்காமல் காக்கும் குளுட்டதயோனைப் புதுப்பிக்கவும் அதே என்ஏடிபிஹெச்தான் தேவை என்பதால், ஒரு பக்கம் செலவானால் மறுபக்கம் காவல் குறைகிறது. கூடவே மயோ இனோசிட்டால் என்ற பொருளும் நரம்பில் குறைகிறது, சோடியத்தை வெளியேற்றும் பம்பு தளர்கிறது, சமிக்ஞை ஓடும் வேகம் குறைகிறது. இது ஒரு வழி. இன்னொரு வழியில் சர்க்கரை நேராகப் போய்ப் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, நாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஹெச்பிஏ1சி இப்படி ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் கணக்குத்தான். ஹீமோகுளோபின் சிவப்பணுவோடு சில மாதங்களில் அழிந்துவிடும். குழாய்ச் சுவரிலும் நரம்புறையிலும் உள்ள கொலாஜன் போன்ற நீண்டநாள் புரதங்கள் அப்படி அழிவதில்லை, அவற்றில் ஒட்டியது நாளாக நாளாகக் கெட்டிப்பட்டுக் குறுக்குப் பிணைப்புகளாகி அங்கேயே தங்கிவிடுகிறது. மூன்றாவதாக, அளவுக்கு மீறிய குளுக்கோஸை எரிக்கும்போது அணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா கக்கும் ஆக்சிஜன் தீவிர மூலக்கூறுகள். இந்த எல்லா வழிகளுக்கும் தலைமடை இந்த மைட்டோகாண்ட்ரியாச் சிக்கல்தான் என்று மைக்கேல் பிரௌன்லீ என்ற ஆராய்ச்சியாளர் வாதிட்டார், 2004-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பான்டிங் சொற்பொழிவில் அதைத்தான் விரித்துப் பேசினார்.

இவ்வளவு தெரிந்தபிறகு அந்த ஆல்டோஸ் ரிடக்டேஸை அடைத்துவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். அப்படித்தான் மருந்து நிறுவனங்களும் நினைத்தன. வரிசையாக மருந்துகள் வந்தன, பெரும்பாலானவை பலன் போதாமலோ பக்கவிளைவினாலோ ஆய்வுக்கட்டத்திலேயே நின்றன. எபால்ரெஸ்டாட் என்ற ஒன்று மட்டும் 1992-இல் ஜப்பானில் அனுமதி பெற்று இன்றும் சில நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு இந்தத் தோல்விக் கதை முக்கியமாகப் படுகிறது. கெடுதல் பல வழிகளில் ஒரே சமயத்தில் வரும்போது ஒன்றை அடைப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது. "நரம்புக்கு ஒரே மாத்திரை" என்று யாராவது விற்றால் அந்த மாத்திரையைவிட விற்பவர்மேல் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

இப்போது குழாய்ப் பக்கம் வருவோம். மேலே சொன்ன அத்தனையும் நரம்பிழைக்குள் நடப்பது போலவே, அதற்கு ரத்தம் தரும் தந்துகியின் சுவரிலும் நடக்கிறது. உள்சுவர் அணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயை விரியச் செய்கின்றன, தீவிர மூலக்கூறுகள் பெருகினால் அந்த வாயு வேலை செய்வதற்குள் அழிந்துபோகிறது. குழாய் சுருங்கியே இருக்கிறது. சுவருக்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வு தடித்துக்கொண்டே போகிறது, உள்சுவர் அணுக்கள் பருத்துப் பெருகுகின்றன, சுவரை வெளியிலிருந்து தழுவி நிற்கும் பெரிசைட் அணுக்கள் உதிர்கின்றன. நடுத்துளை குறுகி, சில இடங்களில் அடைந்தே விடுகிறது. நீரிழிவு உள்ளவர்களின் கணுக்கால் பக்கத்து நரம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இதையெல்லாம் நேராகவே கண்டிருக்கிறார்கள், குழாய் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு இழைகளும் குறைந்திருந்தன. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் நடப்பதும் இதே வகைக் கோளாறுதான். கண்ணுக்கு வருடா வருடம் போட்டோ எடுக்கிறோம், சிறுநீரகத்துக்கு யூரின் டெஸ்ட் இருக்கிறது, நரம்பின் குழாயை அப்படி எட்டிப் பார்க்க வழியில்லை என்பதால் அது பேச்சிலேயே வருவதில்லை.

முதலில் கெடுவது நரம்பா, குழாயா என்ற சண்டை ஆராய்ச்சியாளர்களுக்குள் பல வருடமாக உண்டு. இரண்டும் கூடவே கெடுகின்றன, ஒன்று மற்றொன்றை இழுத்துப்போடுகிறது என்பதுதான் இன்று பெரும்பாலானோர் நிற்கும் இடம். குழாயைச் சுருக்கி விரிக்கிற வேலையை நடத்துவதும் நரம்புதானே! குழாய் கெட்டு நரம்பு நலிந்தால், நலிந்த நரம்பால் குழாயை ஆளமுடியாது.

குழாய் மட்டும் தனியாகக் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு அருமையான உதாரணம் கண்ணில் இருக்கிறது. நீரிழிவு உள்ள சிலருக்குத் திடீரென்று ஒரு பக்க இமை தொங்கிவிடும், கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் திரும்பி நிற்கும், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். கண்ணை அசைக்கும் மூன்றாம் கபால நரம்பு செயலிழந்ததால் வருவது இது. ஆனால் கண்மணி மட்டும் பெரும்பாலும் சரியாகவே சுருங்கும். ஏன்? அந்த நரம்பின் நடுப்பகுதியில் போகும் இழைகள் கண் தசைகளுக்கானவை, அவற்றுக்கு ரத்தம் இந்தச் சிறு குழாய்களிலிருந்து வருகிறது. கண்மணிக்கான இழைகள் நரம்பின் வெளி விளிம்பில் போகின்றன, அவற்றுக்கு மேலுறைக் குழாய்களிலிருந்து தனியாக ரத்தம் கிடைக்கிறது. உள்ளே ரத்தம் நின்றால் நடு கெடும், விளிம்பு தப்பிக்கும். நீரிழிவால் வந்தது என்றால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் சரியாகிவிடும். மாறாக, கண்மணியும் விரிந்து நின்றால் மூளை ரத்தக்குழாய் வீங்கி நரம்பை வெளியிலிருந்து அழுத்துகிறதோ என்று டாக்டர்கள் பதறிப்போய் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். இமை திடீரென்று தொங்கினால் இதையெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே ஆராய்ந்துகொண்டிருக்கவேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஆனால் பெரும்பாலோருக்கு வருவது கண்ணில் அல்ல, காலில். அதுவும் விரல் நுனியில் தொடங்கி, இரண்டு காலிலும் ஒரே மாதிரி, மெல்ல மெல்ல மேலே ஏறும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே, இங்கேயும் அப்படித்தான், எந்த இழை மிக நீளமோ அதன் நுனிதான் முதலில் வாடும். நீளமான இழைக்குப் பாதையில் எத்தனையோ இடங்களில் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து நுனியில் தெரியும். காலில் மரத்துப்போவது முழங்கால் அளவுக்கு ஏறிய பிறகுதான் பெரும்பாலும் கைவிரல் நுனியில் தொடங்கும், ஏனென்றால் அப்போதுதான் இரண்டு நீளமும் கிட்டத்தட்ட சமமாகின்றன. இந்த வரிசை தெரிந்திருப்பதில் ஒரு லாபம் உண்டு. ஒரே காலில் மட்டும் மரத்தால், காலில் எதுவுமில்லாமல் கையில் முதலில் வந்தால், உணர்வைவிடத் தசை பலவீனம் அதிகமாக இருந்தால், சில வாரங்களில் கிடுகிடுவென்று ஏறினால், "சர்க்கரைதான், வேறென்ன" என்று விட்டுவிடக் கூடாது. முதுகுத் தட்டு, மணிக்கட்டில் நரம்பு நெரிவது, தைராய்டு, வேறு நரம்பு நோய்கள் என்று பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு வருவதெல்லாம் சர்க்கரையால்தான் என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம், சில டாக்டர்களுக்கும் அது உண்டு.

எரிச்சலையும் மரப்பையும் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லவேண்டும், அதிகம் குழம்புவது இங்கேதான். நரம்பில் பல பருமனில் இழைகள் உண்டு. மிக மெல்லியவை வலியையும் சூடு குளிர்ச்சியையும் சுமப்பவை, இவற்றில் பலவற்றுக்கு மயலின் என்ற கொழுப்பு உறையே கிடையாது, சமிக்ஞை நொடிக்கு ஒரு மீட்டர் கணக்கில் நிதானமாகப் போகும். பருமனானவை தொடுதல், அதிர்வு, கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு இவற்றைச் சுமப்பவை, நொடிக்கு ஐம்பது மீட்டர் அளவில் ஓடும். மெல்லியவை அடிபடும்போதுதான் எரிச்சல், ஊசி குத்தல், கரண்ட் அடிப்பதுபோல ஒரு வெட்டு, போர்வை பட்டாலே தாங்காத கூச்சம். ராத்திரியில் இது கூடும், பகலில் மனதை இழுக்க ஆயிரம் வேலை இருக்கிறது, படுத்தபின் காலைத் தவிர வேறு பேச்சே இல்லை. பருமனானவை அடிபட்டால் பஞ்சுமேல் நடப்பது போலிருக்கும், இருட்டில் தடுமாறும், செருப்பு கழன்று போனதே தெரியாமல் நாலடி நடந்திருப்போம். அப்புறம், நரம்பு வேகத்தை அளக்கும் கண்டக்‌ஷன் டெஸ்ட் பருமனான இழைகளைத்தான் அளக்கிறது. கால் எரிகிறது என்று போய், டெஸ்ட் நார்மல் என்று வந்து, "எல்லாம் மனப்பிரமை" என்று கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். மெல்லிய இழை மட்டும் கெட்டிருந்தால் அந்த டெஸ்ட் நார்மலாகத்தான் வரும்! தோலில் ஒரு சிறு துண்டு எடுத்து இழைகளை எண்ணினால்தான் தெரியும். முழுச் சர்க்கரை நோய் வருவதற்கு முன்பே, எல்லைக்கோட்டில் இருக்கும் காலத்திலேயே இந்த மெல்லிய இழை பாதிப்பு சிலருக்குத் தொடங்கிவிடுகிறது.

தொட்டால் உணர்வே இல்லாத கால் எப்படி எரிகிறது என்று கேட்பீர்கள். நுனி அழிந்த இழையின் மீதி, யாரும் தொடாமலே தானாகச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும், தண்டுவடமும் மூளையும் அந்தச் சத்தத்துக்குப் பழகி இன்னும் கூர்மையாகிவிடும். ஆகவே எரிச்சலும் மரப்பும் ஒரே காலில் சேர்ந்தே இருக்கலாம். இதைவிட முக்கியமானது, எரிச்சல் குறைந்துவிட்டது என்று ஒருவர் சந்தோஷப்படும்போது இரண்டு காரணங்கள் இருக்கலாம். நிஜமாகவே நன்றாகியிருக்கலாம். அல்லது கத்திக்கொண்டிருந்த இழைகளும் செத்துப்போயிருக்கலாம். எரிகிற காலைவிட எரிந்து ஓய்ந்த காலைக் கண்டால்தான் எனக்குப் பயம். எரிகிறவர் டாக்டரிடம் ஓடுவார், மரத்தவர் ஓடமாட்டார். நீரிழிவு நரம்பு பாதிப்பு உள்ளவர்களில் பாதிப்பேர் வரை எந்தத் தொந்தரவும் சொல்வதில்லை என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன.

மரத்த காலில் கல் குத்தினால் தெரியாது, கொப்புளம் வந்தால் தெரியாது. வியர்வையை நடத்தும் இழைகளும் போய்விடுவதால் தோல் வறண்டு வெடிக்கும். பாதத்துச் சிறு தசைகள் இளைத்து விரல்கள் மடங்கிக்கொள்ளும், எடை விழும் இடம் மாறும், ஆணி போலத் தடித்த தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிப் புண் உருவாகும். சிலருக்கு எலும்பே நொறுங்கிப் பாதத்தின் வளைவு சரிந்துவிடும். இந்த மூட்டுச் சிதைவை 1868-இல் ஜான் மார்ட்டின் ஷார்கோ வேறொரு நோயில் விவரித்தார், நீரிழிவிலும் அது வருகிறது என்று 1936-இல் எழுதியவர் வில்லியம் ஜோர்டான். கால் திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, ஆனால் பெரிதாக வலியில்லாமல் இருந்தால் அது இதுவாக இருக்கலாம். அதன்மேல் நடக்க நடக்க நொறுங்கும், அன்றைக்கே காட்டியாகவேண்டும்.

"கால் கதகதப்பாகத்தானே இருக்கு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு" என்று ஒரு நம்பிக்கை உண்டு. இது ஏமாற்றும். குழாயைச் சுருக்கி வைக்கும் இழைகள் செத்துவிட்டால், தமனியிலிருந்து சிரைக்கு நேராகப் போகும் குறுக்கு வழிகள் திறந்துகொள்கின்றன. ரத்தம் தந்துகிகளுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். பாதத்தின் மேல் சிரை புடைத்திருக்கும், தோல் சூடாக இருக்கும், அந்தச் சிரையில் ரத்தம் எடுத்து அளந்தால் ஆக்சிஜன் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். அதிகமாக இருப்பது எதனால் என்றால், திசு அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. ரத்தம் காலுக்கு வந்தும் சேரவேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. இதோடு பெரிய தமனியும் அடைபட்டிருந்தால் நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து எச்சரிக்கவேண்டும், நரம்பு போனவருக்கு அந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம்.

உள்ளுறுப்புகளை நடத்தும் நரம்புகளும் தப்புவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக ஓடுவது, எழுந்து நின்றால் தலைசுற்றுவது (நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் கணக்கு), இரைப்பை மெதுவாகக் காலியாவதால் சாப்பாட்டுக்குப் போட்ட இன்சுலின் கணக்கே தப்பிப்போவது, சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாமல் இருப்பது, ஆண்களுக்கு விறைப்புக் குறைவது. இந்தக் கடைசி விஷயத்தை ஆண்கள் டாக்டரிடம் சொல்வதே இல்லை, சொன்னால் நல்லது, குழாய்களின் நிலைமையை அது மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே காட்டிக்கொடுக்கலாம். மாரடைப்பு வந்தும் நெஞ்சுவலி தெரியாமல் போவதற்கும் இதயத்து நரம்பு கெட்டிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் பதில் ஒரே மாதிரியாக இல்லை. முதல் வகை நீரிழிவில் பதில் தெளிவு. 1983 முதல் 1993 வரை 1441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டிசிசிடி ஆய்வில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு நரம்பு பாதிப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்து இரண்டு குழுவின் அளவுகளும் ஒன்றாகிப்போன பிறகும் பல வருடம் அந்தப் பலன் தொடர்ந்தது. இரண்டாம் வகையில், நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது அதுதான், சர்க்கரையை மட்டும் இறக்குவதால் நரம்புக்குக் கிடைக்கும் பலன் இதைவிட மிகக் குறைவு. டென்மார்க்கில் நடந்த ஸ்டெனோ 2 ஆய்வில் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்தே பிடித்தார்கள். உள்ளுறுப்பு நரம்பு பாதிப்பு குறைந்தது, கால் நரம்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஏன் என்பதற்கு நான் நம்பும் விளக்கம், இரண்டாம் வகையில் கண்டுபிடிப்பதற்கு முன்பே பல வருடம் கெடுதல் நடந்து முடிந்திருக்கிறது, கூடவே உடல் எடையும் கொழுப்பும் அழுத்தமும் குழாயைத் தங்கள் பங்குக்குக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. 2005-இல் வந்த யூரோடயாப் ஆய்வில், முதல் வகைக்காரர்களிலேயே, சர்க்கரை அளவைக் கழித்துப் பார்த்தாலும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு உயர்ந்திருப்பது, உயர் ரத்த அழுத்தம், எடை, புகைப்பழக்கம் ஆகியவை நரம்பு பாதிப்போடு சேர்ந்தே போயின. நான்குமே ரத்தக் குழாயைக் கெடுக்கும் சங்கதிகள். மூன்று மாத சராசரி 6.8 என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே சிகரெட் பற்றவைப்பவரைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை, நிகோட்டின் அந்த மெல்லிய குழாய்களைத்தான் நேராகச் சுருக்குகிறது.

நடப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், உடற்பயிற்சியும் உணவு மாற்றமும் செய்தவர்களின் தோலில் மெல்லிய இழைகள் கொஞ்சம் திரும்ப வளர்ந்ததைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரைகள் இதுவரை இதைத் தெளிவாகக் காட்டவில்லை. ஏற்கெனவே உணர்வு போனவர்கள் புண் இல்லை என்று பார்த்துவிட்டு, சரியான ஷூ போட்டு நடக்கவேண்டும்.

சர்க்கரையை அவசரப்பட்டு இறக்குவதிலும் ஒரு கண்ணி உண்டு, இது பலருக்குத் தெரியாது. பல வருடம் உயர்ந்தே இருந்ததை இரண்டு மூன்று மாதத்தில் சடசடவென்று இறக்கினால், ஹெச்பிஏ1சி அந்தக் காலத்துக்குள் இரண்டு புள்ளிக்கு மேல் விழுந்தால், சிலருக்குக் கடுமையான நரம்பு வலி புதிதாகக் கிளம்பும். 1933-இலேயே கரவாட்டி என்ற மருத்துவர் இன்சுலின் தொடங்கிய ஒருவரிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். மருந்தால் வலி வந்துவிட்டது என்று மருந்தையே நிறுத்துபவர்கள் உண்டு, அது தப்பு. பெரும்பாலும் மாதங்கள் போகப் போகக் குறையும். ஆனால் நீண்ட நாள் உயர்ந்திருந்தவர்கள் "ஒரே மாதத்தில் நார்மல்" என்ற சவால்களில் குதிக்காமல் டாக்டர் சொல்லும் வேகத்தில் இறக்குவது நல்லது, கண்ணுக்கும் அதுவே நல்லது.

மாத்திரைகள் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரிகாபாலின், கபாபென்டின், டியூலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் எல்லாம் வலியைக் குறைப்பவை, நரம்பை வளர்ப்பவை அல்ல. 2022-இல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் அமிட்ரிப்டிலின், டியூலோக்செட்டின், பிரிகாபாலின் இவற்றில் எதில் தொடங்கினாலும் நிவாரணம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது, ஒன்று போதாதபோது இரண்டைச் சேர்த்ததில் மேலும் பலன் கிடைத்தது. ஆகவே ஒரு மருந்து கேட்கவில்லை என்றால் சகித்துக்கொண்டு கிடக்காமல் போய்ச் சொல்லுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அந்தக் குறைவும் இதே மாதிரி மரப்பைத் தரும், ரத்தத்தில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். சரிசெய்யக்கூடிய ஒன்றைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு உட்காருவது பரிதாபம். இதற்கு நேர் எதிராக, "நரம்புச் சத்து" என்று கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் கலவைகளில் இருக்கும் பி6, அதிக அளவில் நீண்ட நாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பரிசோதனைக்கு வருகிறேன். இரண்டாம் வகை என்றால் நோய் கண்டுபிடித்த அன்றிலிருந்தே, முதல் வகை என்றால் ஐந்து வருடம் கழித்து, அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை கால் நரம்பைப் பார்க்கவேண்டும். டாக்டர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை, மோனோஃபிலமெண்ட் என்பார்கள், பாதத்தில் வளையும்வரை அழுத்தித் தெரிகிறதா என்று கேட்பார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார். ஐந்து நிமிட வேலை, ஷூவையும் சாக்ஸையும் கழற்றவேண்டியிருப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். கேட்காமல் செய்யமாட்டார்கள் என்றால் கேளுங்கள்.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது, இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் உருவாக்கியது. காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனியை ஒன்று இரண்டு நொடி மட்டும் தொடவேண்டும். முதலில் வலது கட்டைவிரல், பிறகு வலது சுண்டுவிரல், அப்புறம் இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், கடைசியில் வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டது தெரிந்ததும் வலது என்றோ இடது என்றோ சொல்லவேண்டும். தொடுபவர் அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது, அழுத்தினால் லேசான தொடுதலைத் தவிர வேறு உணர்வு கிளம்பிவிடும், கணக்கு தப்பும். சொல்லவில்லை என்றால் "தெரியுதா, தெரியுதா" என்று இன்னொரு தரம் தொட்டுக் கேட்பதும் கூடாது, தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போய்விடவேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்வு குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், காலைக் காட்டுவதற்கென்றே ஒரு நாள் டாக்டரிடம் போங்கள்.